பிடிஎஃப் பக்கங்கள் ஏன் ஒரே அளவில் வருவதில்லை?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் என் மாமா ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். காலையில் கலெக்டர் அலுவலகத்துக்கு மனுவோடு வருபவர்கள், மாலையில் கல்லூரிப் பிள்ளைகள். மாமா சாப்பிடப் போகும் நேரத்தில் கல்லாவில் நான் உட்காருவது வழக்கம். அப்படி ஒரு மதியம் ஒரு மாணவி வந்து வாட்ஸ்அப்பில் ஒரு பிடிஎஃப் அனுப்பினார். 48 பக்கம். தானே புயல் பற்றிய புராஜெக்ட். 2011 டிசம்பர் 30 அன்று அந்தப் புயல் இந்தக் கரையில் ஏறியபோது அவர் சின்னக் குழந்தையாக இருந்திருப்பார். இணையத்தில் தேடித் தேடி ஐந்தாறு கட்டுரைகளைச் சேர்த்து ஒன்றாக்கிக் கொண்டுவந்திருந்தார்.

"அண்ணா, தாளோட ஒரு பக்கத்துல மட்டும் பிரிண்ட் போதும். ஸ்பைரல் போட்டுடுங்க."

பிரிண்டர் முதல் 11 பக்கத்தை ஒழுங்காகக் கொடுத்தது. 12-ஆவது பக்கத்தில் நின்றுவிட்டது. 'லெட்டர்' என்ற அமெரிக்க அளவுத் தாள் வை என்று கேட்கிறது. மஞ்சக்குப்பத்தில் லெட்டர் தாளுக்கு நான் எங்கே போவேன்? பட்டனை அழுத்தி ஏ4 தாளிலேயே ஓட்டினேன். முடிந்ததும் கட்டை எடுத்து விரித்துப் பார்த்தால் சில பக்கங்களில் கீழே வெள்ளையாக இடம் கிடக்கிறது. சில பக்கங்களில் எழுத்து எறும்பு மாதிரி. ஒரு பக்கத்தில் கட்டுரை முழுவதும் தாளின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கயிறுபோல் தொங்குகிறது.

"லேப்டாப்ல பார்க்கும்போது நல்லாத்தானே அண்ணா இருந்துச்சு?"

இதை வாரத்துக்கு நான்கு பேராவது கேட்கிறார்கள். அவர்கள் சொல்வதும் உண்மைதான், லேப்டாப்பில் நன்றாகத்தான் இருந்திருக்கும். அது ஏன், தாளில் மட்டும் ஏன் இப்படி என்பதைக் கணினி அதிகம் தெரியாதவர்களுக்கும் புரிகிற மாதிரி எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் பிடித்துக்கொள்ள வேண்டியது ஒன்று. இணையப் பக்கம் என்று நாம் பெயருக்குத்தான் 'பக்கம்' என்கிறோம். அதற்குத் தாள் கிடையாது. வேர்டில் ஒரு கடிதம் அடிக்கத் தொடங்கும்போதே தாள் ஒன்று தேர்வாகிவிடுகிறது. இணையப் பக்கம் அப்படி இல்லை. போனில் திறந்தால் ஒடுங்கி நீளும், பெரிய திரையில் திறந்தால் பரந்து சுருங்கும். அது கரைத்து வைத்த மாவு. பிரிண்ட் கொடுக்கும் நொடியில்தான் யாரோ ஒருவர் இட்லித் தட்டை எடுத்து வைக்கிறார். அந்தத் தட்டு யாருடையது என்பதில்தான் எல்லாக் குழப்பமும்.

தட்டு வைக்க உரிமை உள்ளவர்கள் பலர். பக்கத்தை எழுதியவர் தன் நிரலில் 'இதை ஏ4-இல் அச்சிடு' என்று எழுதி வைத்திருக்கலாம். அவர் ஒன்றும் சொல்லாவிட்டால் குரோமோ ஃபயர்பாக்ஸோ தனக்குத் தெரிந்த அளவை எடுத்துக்கொள்ளும். பிரவுசரின் சொந்த 'சேவ் ஆஸ் பிடிஎஃப்' வழியாகப் போகாமல், விண்டோஸில் இருக்கும் 'மைக்ரோசாஃப்ட் பிரிண்ட் டு பிடிஎஃப்' வழியாகப் போனால் அது கிட்டத்தட்ட தனி பிரிண்டர் மாதிரி. அதற்கென்று வேறு செட்டிங்ஸ் இருக்கும். கடைசியில் எங்கள் கடையில் பிடிஎஃப்பைத் திறக்கும் ரீடரும், டிரேயில் இருக்கும் தாளும் தங்கள் பங்குக்கு ஏதாவது செய்யும். இவர்கள் எல்லாரும் ஒரே அளவைச் சொல்லிவிட்டால் பிரச்சினையே வராது.

இதில் இரண்டு விஷயங்களைக் கலந்து குழப்பிக்கொள்ளக் கூடாது. தாள் எவ்வளவு பெரியது என்பது ஒன்று. அந்தத் தாளில் எழுத்து எவ்வளவு பெரிதாக விழுகிறது என்பது இன்னொன்று. 'பக்கம் சின்னதா வருது' என்று வருகிறவர்களில் பாதிப் பேருக்குத் தாள் அளவு சரியாகவே இருக்கும், எழுத்துதான் சுருங்கியிருக்கும். மீதிப் பேருக்கு நேர்மாறாக இருக்கும்.

லெட்டர் எங்கிருந்து வந்தது?

நாம் பயன்படுத்தும் ஏ4 என்பது 210 மி.மீ. அகலம், 297 மி.மீ. உயரம். அமெரிக்காவிலும் கனடாவிலும் புழங்குவது லெட்டர்: எட்டரை அங்குலத்துக்குப் பதினொரு அங்குலம், அதாவது 215.9 மி.மீ. அகலம், 279.4 மி.மீ. உயரம். லெட்டர் நம் தாளைவிட 6 மி.மீ. அகலம் கூட, கிட்டத்தட்ட 18 மி.மீ. உயரம் குறைவு. இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்தால்தான் வித்தியாசம் தெரியும். தனித்தனியாகப் பார்த்தால் கண்டுபிடிக்க முடியாது. அதுதான் தொல்லையே. ஏ3-ஐயும் ஏ4-ஐயும் யாரும் மாற்றிப் போட மாட்டார்கள்.

நம் ஊர்க் கணினிகளுக்குள் லெட்டர் எப்படி நுழைகிறது என்று கேட்டால், பெரும்பாலும் மொழி வழியாக. குரோமில் மொழி 'ஆங்கிலம், அமெரிக்கா' என்று இருந்தால் பிடிஎஃப்புக்கு அது தானாக எடுத்துக்கொள்ளும் தாள் லெட்டர். புது லேப்டாப் வாங்கி, கேட்கிற கேள்விக்கெல்லாம் 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட்' என்று அழுத்திக்கொண்டே போனவர்களின் கணினி பல நேரம் அமெரிக்காவில்தான் இருக்கும், உட்கார்ந்திருப்பது பண்ருட்டியாக இருந்தாலும்.

இன்னொரு வழியும் உண்டு. குரோம் கடைசியாகப் பயன்படுத்திய பிரிண்ட் செட்டிங்ஸை நினைவில் வைத்துக்கொள்ளும். கல்லூரி லேப் கணினியில் உங்களுக்கு முன்னால் உட்கார்ந்தவர் லெட்டரைத் தேர்ந்திருந்தாலோ, எழுத்தைப் பெரிதாக்க ஸ்கேலை 150 என்று போட்டிருந்தாலோ, அது உங்கள் தலையில் வந்து விழும். அந்தப் பெண்ணின் 12 முதல் 34 வரையான 23 பக்கங்கள் இப்படி லேபில் எடுத்தவை. அத்தனையும் லெட்டர்.

ஏ4-க்கு ஒரு சுவையான குணம் உண்டு, ஜெராக்ஸ் கடைக்காரனாக அதைச் சொல்லாமல் போக முடியவில்லை. ஏ0 தாளின் பரப்பு ஒரு சதுர மீட்டர். அதைப் பாதியாக மடித்தால் ஏ1, இன்னும் பாதி ஏ2. நான்கு மடிப்பில் ஏ4. எத்தனை முறை மடித்தாலும் அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம் மாறாது, 1-க்கு 1.414. அதனால்தான் ஒரு தாளில் இரண்டு பக்கம் போடச் சொன்னால் ஏ4 கச்சிதமாக உட்காருகிறது, லெட்டரில் ஓரத்தில் இடம் மிஞ்சுகிறது. ஜெர்மனியில் 1922-இல் இது தர அளவானது, 1975-இல் உலகத் தர அளவானது. ஆனால் இதே விகிதத்தில் தாள்களை 1798-லேயே பிரான்சின் முத்திரைத்தாள் வரிச் சட்டம் வகுத்திருந்தது. அந்தச் சமயம் பக்கத்துப் புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் கையில் இல்லை, ஆங்கிலேயர் பிடித்து வைத்திருந்தார்கள். சரி, விஷயத்துக்கு வருவோம்.

பிடிஎஃப்புக்குள் என்ன இருக்கிறது?

அடோபி நிறுவனம் 1993-இல் பிடிஎஃப்பைக் கொண்டுவந்தது. அதில் ஒவ்வொரு பக்கமும் தன் அகல உயரத்தைத் தானே சுமந்துகொண்டு வரும். கோப்பு முழுவதற்கும் ஒரே அளவு இருக்க வேண்டும் என்று ஒரு விதியும் இல்லை. அளவு எழுதப்படும் அலகு 'பாயின்ட்', ஓர் அங்குலத்தில் 72 பாயின்ட். ஏ4 என்றால் 595-க்கு 842. லெட்டர் என்றால் 612-க்கு 792. கோப்பைத் திறந்து 'பிராப்பர்ட்டீஸ்' பார்க்கும்போது இந்த எண்கள் கண்ணில் பட்டால் எது என்று உடனே சொல்லிவிடலாம்.

பல பிடிஎஃப்களை ஒன்றாகச் சேர்க்கும் ஆப்கள் பக்கங்களை அப்படியே வரிசையாக அடுக்குமே தவிர, சாதாரணமாக அளவைத் தொடாது. பெரியப்பா வீட்டுத் தட்டு, சித்தி வீட்டுத் தட்டு எல்லாவற்றையும் ஒரே அடுக்கில் வைத்த மாதிரிதான். திரையில் மட்டும் அது தெரியாது. ரீடர் ஒவ்வொரு பக்கத்தையும் ஜன்னலின் அகலத்துக்கு இழுத்தோ சுருக்கியோ காட்டும்போது 6 மி.மீ. வித்தியாசம் யார் கண்ணில் படப்போகிறது? 'லேப்டாப்ல நல்லாத்தானே இருந்துச்சு' என்பதற்கு விடை இதுதான். தாளால் அப்படி இழுபட முடியாது.

லெட்டர் பக்கத்தை ஏ4-இல் அச்சிடும்போது ரீடர் என்ன செய்யும் என்பது பிரிண்ட் கொடுக்கும் இடத்தில் தேர்ந்திருப்பதைப் பொறுத்தது. 'ஆக்சுவல் சைஸ்' என்றால் எழுத்து அளவு மாறாது. ஓரங்களில் 3 மி.மீ. போகும். பெரும்பாலும் அங்கே மார்ஜின்தான் இருக்கும், அதனால் நஷ்டமில்லை. உயரத்தில் 18 மி.மீ. வெள்ளையாக நிற்கும். 'ஃபிட்' என்றால் 97 சதவீதமாகவோ அதற்குக் கொஞ்சம் குறைவாகவோ சுருங்கும். இரண்டுமே பரவாயில்லை. ஆனால் பக்கத்தின் அளவைப் பார்த்துத் தாளைத் தேர்ந்துகொள் என்ற குட்டிக் கட்டம் டிக் ஆகியிருந்தால் பிரிண்டர் லெட்டர் தாள் கேட்டு அடம்பிடிக்கும். அன்று எனக்கு நடந்தது அதுதான். அதை யார் டிக் செய்தது என்று மாமாவைக் கேட்டேன், அவர் என்னைக் கேட்டார்.

எறும்பு எழுத்து

35 முதல் 40 வரை உள்ள ஆறு பக்கங்கள் வேறு கதை. தாள் ஏ4தான், எழுத்துதான் பொடிப்பொடியாக இருந்தது. காரணம் அந்த ஆறில் மூன்றாவது பக்கத்தில் இருந்த ஒரு அட்டவணை. எந்த ஊரில் எத்தனை மில்லிமீட்டர் மழை, எத்தனை மரம், எத்தனை வீடு என்று பத்துப் பன்னிரண்டு நெடுவரிசைகள்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. இணையப் பக்கத்தை எழுதுகிறவர்கள் அளக்கும் பிக்சலை அச்சில் ஓர் அங்குலத்துக்கு 96 என்று எடுத்துக்கொள்கிறார்கள். அந்தக் கணக்கில் ஏ4-இன் அகலம் 794 பிக்சல். இரண்டு பக்கமும் ஒரு சென்டிமீட்டர் மார்ஜின் போனால் எழுத மிஞ்சுவது ஏறத்தாழ 718. அட்டவணையோ 1000 பிக்சலுக்குக் குறைந்து மடங்க மாட்டேன் என்கிறது. குரோம் என்ன செய்கிறது? அட்டவணையை வெட்டாமல் காப்பாற்ற அதைச் சுமார் 72 சதவீதமாகச் சுருக்குகிறது. அட்டவணையை மட்டும் சுருக்கினால் யாரும் குறை சொல்லப் போவதில்லை. அது கட்டுரை முழுவதையும் அதே விகிதத்தில் சுருக்கிவிடுகிறது. 16 பிக்சல் எழுத்து தாளில் 12 பாயின்ட்டாக வர வேண்டியது. இப்போது எட்டரை பாயின்ட்டில் வந்து நிற்கிறது. அட்டவணையே இல்லாத முதல் பக்கமும் எறும்பாவது இதனால்தான். ஓர் எல்லைக்கு மேல் குரோமும் சுருக்குவதை விட்டுவிடும், அப்போது வலது ஓரம் வெட்டுப்படும். இன்னும் அகலமான அட்டவணைகளில் கடைசி நெடுவரிசை காணாமல் போவது அப்படித்தான்.

எனக்குத் தெரிந்து, ஒரே தளத்தில் எடுத்த இரண்டு கட்டுரைகள் வெவ்வேறு எழுத்து அளவில் வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். அட்டவணையோ, மடங்காத நீண்ட ஒரு வரியோ, அகலமான படமோ எங்காவது ஒளிந்திருக்கும். ஸ்கேல் செட்டிங்ஸை எத்தனை முறை நோண்டினாலும் பிடிபடாது.

தாளைப் படுக்கையாகத் திருப்பினால் நிலைமை மாறும். ஏ4-இன் நீளப் பக்கம் 1123 பிக்சல், மார்ஜின் போக 1047. 1000 பிக்சல் அட்டவணை சுருங்காமலே உட்கார்ந்துவிடும்.

கயிறாகத் தொங்கிய பக்கம்

41-ஆம் பக்கம் அந்த மாணவியின் தோழியுடைய ஐபோனில் எடுத்தது. சஃபாரியில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து 'ஃபுல் பேஜ்' என்று கொடுத்தால் கட்டுரை முழுவதையும் ஒரே நீளப் பக்கமாகப் பிடிஎஃப் ஆக்கித் தரும். போனில் படிக்க அருமையாக இருக்கும். அச்சுக்கு ஆகாது. போன் திரையின் அகலமும் கெடிலம் ஆற்றின் நீளமும் கொண்ட அந்தப் பக்கத்தை ஏ4-க்குள் அடக்கச் சொன்னால், உயரம் அடங்கும் வரை சுருக்குவதைத் தவிர ரீடருக்கு வேறு வழியில்லை. விரல் அகலத்துக்குக் கட்டுரை வரும். அதே ஐபோனில் ஷேர் பட்டனில் இருக்கும் 'பிரிண்ட்' வழியாகப் போய், முன்னோட்டத்தைப் பெரிதாக்கிப் பகிர்ந்தால் பக்கம் பக்கமாகப் பிரிந்த பிடிஎஃப் கிடைக்கும்.

மீதி ஏழு பக்கங்கள், கட்டுரையின் சுட்டியை (லிங்க்) கொடுத்தால் பிடிஎஃப் ஆக்கித் தரும் ஏதோ ஓர் ஆப்பில் எடுத்தவை. அளவைப் பார்த்தேன்: 280 மி.மீ.க்கு 396 மி.மீ. உலகத்தில் அப்படி ஒரு தாள் இல்லை. கொஞ்சம் யோசித்ததும் சிரிப்பு வந்தது. ஏ4 என்பது 794-க்கு 1123 பிக்சல் அல்லவா? அந்த எண்களை அப்படியே பாயின்ட்டாக எழுதினால் சரியாக இந்த அளவு வரும். 96-இல் வகுக்க வேண்டியதை 72-இல் வகுத்த கதை. எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகிவிட்டது.

இவற்றோடு இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், அந்தக் கட்டில் அது இல்லை என்றாலும். சில தளங்களில் கன்ட்ரோல்-பி அழுத்தினால் பேப்பர் சைஸ் தேர்வே காட்டாது. கணினி கெட்டுவிட்டது என்று வருவார்கள். பக்கத்தை எழுதியவரே தாளைத் தீர்மானித்துவிட்டதால் குரோம் அந்தத் தேர்வை மறைத்துவிடுகிறது, அவ்வளவுதான். ரயில் டிக்கெட், ரசீது, அடையாள அட்டை மாதிரியான பக்கங்களுக்கு அது நல்லதுகூட.

சரி, என்ன செய்வது?

ஒரே புத்தகமாகப் போகிற பக்கங்களை ஒரே கணினியில், ஒரே பிரவுசரில், முடிந்தால் ஒரே நாளில் எடுங்கள். நான் இதைத்தான் முதலில் சொல்வேன், மற்றதெல்லாம் பிறகு. பிரிண்ட் ஜன்னலில் 'மோர் செட்டிங்ஸ்' என்று ஒரு வரி இருக்கும். அதைத் திறக்காமல் சேவ் கொடுக்காதீர்கள். உள்ளே தாள் ஏ4, மார்ஜின் டிஃபால்ட், ஸ்கேல் டிஃபால்ட் என்று இருக்கிறதா பார்த்துக்கொண்டால் போதும். ஆண்ட்ராய்டு போனிலும் பிரிண்ட் முன்னோட்டத்தின் மேலே தாள் அளவு இருக்கும்.

வெறும் எழுத்துதான் வேண்டும் என்றால் ஃபயர்பாக்ஸில் ரீடர் வியூ என்று ஒன்று உண்டு. மெனு, விளம்பரம் எல்லாவற்றையும் உதறிவிட்டுக் கட்டுரையை மட்டும் காட்டும். அதிலிருந்து பிரிண்ட் எடுத்தால் எந்தத் தளத்துக் கட்டுரையும் ஒரே முகத்தோடு வரும். புராஜெக்ட் செய்கிறவர்கள் இதை ஏன் பயன்படுத்துவதில்லை என்று எனக்குப் புரிவதே இல்லை.

ஏற்கெனவே சேர்த்து முடித்த கோப்பு என்றால், அதை ரீடரில் திறந்து, பிரிண்டராக மறுபடி பிடிஎஃப்பையே தேர்ந்து, தாள் ஏ4, 'ஃபிட்' என்று கொடுத்து இன்னொரு பிடிஎஃப் ஆக்கலாம். எல்லாப் பக்கமும் ஏ4 ஆகிவிடும். ஆனால் எறும்பு எழுத்து எறும்பாகவேதான் இருக்கும், கயிறும் கயிறுதான். உள்ளே இருந்த சுட்டிகளும் செத்துப்போகும். கடையில் அவசரத்துக்கு நாங்கள் செய்வது இது. நல்ல வைத்தியம் என்று சொல்ல மாட்டேன்.

கோப்பைக் கொண்டுவருவதற்கு முன் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளவும் வழி இருக்கிறது. ரீடரில் இடது பக்கம் வரும் குட்டிப் படங்களை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். குட்டையான பக்கங்கள் நெட்டையான பக்கங்களுக்கு நடுவே அப்பட்டமாகத் தெரியும்.

அன்று அந்தப் பெண்ணிடம் கட்டுரைகளின் சுட்டிகள் இருந்தன. கடைக் கணினியில் ஒவ்வொன்றாகத் திறந்து மறுபடி எடுத்தோம். முதல் 11 பக்கத்தைத் தொடவில்லை. லேபில் எடுத்த 23 பக்கம் ஏ4-இல் 22 ஆனது; தாள் உயரம் கூடினாலும் அகலம் குறைவதால் பெரிதாக ஒன்றும் மிச்சமாகாது. அட்டவணைக் கட்டுரையை முழுக்கப் படுக்கையாக எடுத்தேன். பார்க்க அழகில்லை, ஆனால் படிக்க முடிந்தது. ஆறு பக்கம் 12 ஆனது. கயிறு அவிழ்ந்து எட்டுப் பக்கமாக வந்தது. ஆப்பில் எடுத்த ஏழு பக்கம் ஏழாகவே நின்றது. மொத்தம் 60.

48 பக்கத்துக்குக் காசு எடுத்து வந்தவரிடம் 12 பக்கம் கூடிவிட்டது என்று எப்படிச் சொல்வது என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"பரவால்ல அண்ணா," என்றார். "50 பக்கத்துக்குக் கொறையக் கூடாதுன்னு சார் சொல்லியிருந்தாரு. ரெண்டு பக்கத்துக்கு என்ன பண்றதுன்னு காலையிலேர்ந்து யோசிச்சுட்டிருந்தேன்."